நிறுத்துவதா, எழுப்புவதா?

(புனே வாழ் தமிழன்பர்களிடையே ஆற்றிய அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)



மழையும் பல்கலைக்கழகச் சௌக்கின் நெரிசலும் சேர்ந்து உங்களில் பலரைப் படுத்தியிருக்கும். அந்தச் சௌக்கைத் தாண்டி வளாகத்துக்குள் நுழைந்தால் தேசிய உயிரணு அறிவியல் மையம் இருக்கிறது. என்.சி.சி.எஸ். என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும். 1980களில், செல்களை வளர்த்து நாட்டிலுள்ள ஆய்வகங்களுக்கு அனுப்பி வைக்கும் நிலையமாகத் தொடங்கியது. மதுரையிலோ கோவையிலோ ஓர் ஆராய்ச்சி மாணவிக்கு வளர்ப்புச் செல் வேண்டுமென்றால் இன்றும் முதலில் எழுதிக் கேட்பது இங்கேதான். அந்தக் கட்டடத்தில் நடந்த ஓர் ஆய்வுதான் இன்று என் பேச்சுக்கு மையம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் உங்களை இரண்டு தடவை சென்னைக்கு அழைத்துப் போய்விட்டு வருவேன். டிக்கெட் செலவு கிடையாது.

கைனேஸ் என்றதும் புற்றுநோய் நினைவுக்கு வருகிறது. புற்றுநோய் என்றதும் அந்தக் கைனேஸை அடக்கும் மாத்திரை நினைவுக்கு வருகிறது. இருபது ஆண்டுகளாகச் செய்தித்தாள்கள் நமக்கு ஏற்படுத்திய பழக்கம் இது. அதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கைனேஸ் ஒரு நொதி. ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி, இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவது அதன் வேலை. கண்ட இடத்திலும் ஒட்டாது. செரின், திரியோனின், டைரோசின் என்ற மூன்று அமினோ அமிலங்களில் ஒன்றில்தான் பெரும்பாலும் ஒட்டும். பாஸ்பேட்டுக்கு எதிர் மின்னூட்டம் உண்டு. அது வந்து உட்கார்ந்ததும் அந்தப் புரதத்தின் மடிப்பு மாறும். தூங்கிக்கொண்டிருந்தது விழிக்கும், விழித்திருந்தது சில சமயம் உறங்கும். ஒட்டியதை எடுக்க பாஸ்பட்டேஸ் என்ற வேறொரு நொதிக் கூட்டம் இருக்கிறது. எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950களின் நடுவில் சியாட்டிலில் முயலின் தசையை வைத்துக்கொண்டு இதைக் கண்டார்கள். நோபல் பரிசு 1992இல்தான் வந்தது. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு. ஏனென்றால் அது ஒரு சில நொதிகளுக்கு மட்டுமே உரிய விவகாரம் என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2002இல் மனித மரபணுத் தொகுப்பைத் தேடிப் பார்த்தபோது 518 கைனேஸ்கள் அகப்பட்டன.

இங்கே பாதிப் பேர் அரசு அலுவலகம் பார்த்தவர்கள், ஆகவே ஒரே ஓர் உவமை சொல்லிக்கொள்கிறேன். ஒரு கோப்பு கீழ் மேசையில் கையெழுத்தாகி அடுத்த மேசைக்குப் போகிறது. அங்கே கையெழுத்தானால்தான் அதற்கடுத்த மேசை அதைத் திறக்கும். செல்லின் வெளிச்சவ்வில் ஏதோ ஒன்று வந்து தொட்டது என்ற செய்தி உட்கருவுக்குப் போவது இப்படித்தான். ஒரு கைனேஸ் அடுத்த கைனேஸின் மேல் பாஸ்பேட் ஒட்டுகிறது, அது அடுத்ததன் மேல். மேப் கைனேஸ் என்ற குடும்பத்தில் மூன்று படிகள். கடைசிப் படியில் நிற்கும் இருவரின் பெயரை மட்டும் மனத்தில் வையுங்கள்: எர்க், பி38. முன்னது பெரும்பாலும் செல்லை வளரச் சொல்லி வரும் சேதிகளைக் கொண்டுபோகும். பின்னது சூடு, கிருமி, காயம் போன்ற தொல்லைகளுக்கு எழும். பெரும்பாலும் என்று சொன்னேன், கவனியுங்கள்.

இதில் டைரோசின் மேல் ஒட்டும் கைனேஸ்கள் தெரியவந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1979இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹன்டர், பாஸ்பேட் ஒட்டிய அமினோ அமிலங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்போ திரியோனினும் பாஸ்போ டைரோசினும் பி.எச். 1.9இல் ஒன்றாகவே ஓடும். யாராலும் வேறுபடுத்த முடியாது. அவர் புதிதாகக் கரைசல் தயாரிக்காமல் பழையதையே போட்டு ஓட்டியதால் பி.எச். 1.7க்கு இறங்கியிருந்தது. அந்தச் சிறு இறக்கத்தில் இரண்டும் பிரிந்து நின்றன. செல்லில் உள்ள மொத்தப் பாஸ்பேட் ஒட்டல்களில் டைரோசின் மேல் இருப்பது இரண்டாயிரத்தில் ஒன்றுதான். அந்த ஒன்றைப் பிடித்தவர், கரைசலை மாற்றச் சோம்பல்பட்டவர். ஆய்வக மாணவர்கள் இதை முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம்.

இப்போது முதல் சென்னைப் பயணம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது. மருத்துவமனை வாசலில் சி.எம்.எல். என்பார்கள். மேலை நாடுகளில் அறுபதை ஒட்டியவர்களுக்கு அதிகம் வருவது, நம் நாட்டில் நாற்பதுக்குள் இருப்பவர்களுக்கே நிறைய வருகிறது. வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிற வயது. 1960இல் பிலடெல்பியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குட்டைக் குரோமோசோமைப் பார்த்தார்கள். 9ஆவது குரோமோசோமின் துண்டும் 22ஆவதன் துண்டும் இடம் மாறிக்கொண்டதால் வந்தது அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் ஏபிஎல் என்ற டைரோசின் கைனேஸின் மரபணு, பிசிஆர் என்ற மரபணுவோடு தைக்கப்பட்டுவிடுகிறது. ஏபிஎல்லுக்குத் தன்னைத் தானே மடக்கிப் பூட்டிக்கொள்ளும் ஒரு முனை உண்டு. தையலில் அது வெட்டுப்பட்டுப் போகிறது. அப்புறம் அந்த நொதி அணைவதே இல்லை. வெளியே யாரும் தொடாமலே, வளரு வளரு என்று செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. இந்த நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்து 1970களிலிருந்து வளர்க்கப்பட்டு வரும் கே562 என்ற செல்களை நம் என்.சி.சி.எஸ். இன்றும் வளர்த்து வழங்குகிறது.

இந்த ஏபிஎல்லை நிறுத்த வந்ததுதான் இமாட்டினிப். நிக்கலஸ் லைடன் முதலிய மருந்து வேதியியலாளர்களும் பிரையன் ட்ரூக்கர் என்ற மருத்துவரும் இதன் பின்னால் இருந்தவர்கள். முதல் நோயாளிக்கு 1998இல் கொடுத்தார்கள். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் கட்டச் சோதனையில், இன்டர்ஃபெரான் என்ற மருந்து கைகொடுக்காத நோயாளிகளில் தினம் 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணு எண்ணிக்கை சீரானது. முதல் கட்டச் சோதனையில் இப்படி நடப்பது மிக அபூர்வம்.

518 கைனேஸ்களும் அதே ஏ.டி.பி.யைத்தான் பிடிக்கின்றன. அப்படியிருக்க ஒன்றை மட்டும் அடக்குவது எப்படி? இதற்கு விடை சொன்னது ஜான் குரியனின் ஆய்வகம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கி அமெரிக்கா போனவர். 2000இல் அவர் குழு படிகத்தில் காட்டியது இது: இமாட்டினிப், வேலை செய்துகொண்டிருக்கும் ஏபிஎல்லில் போய் உட்காருவதில்லை, அணைந்து மடங்கியிருக்கும் நிலையில்தான் உட்காருகிறது. வேலை செய்யும்போது கைனேஸ்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தோற்றம். ஓய்வில்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வடிவம். எப்போதும் எரிவது என்று நான் சொன்ன நொதியும் நொடிக்கு நொடி அந்த ஓய்வு வடிவத்துக்குப் போய்த் திரும்புகிறது. அந்த இடைவெளியில் மருந்து அதைப் பிடித்துவிடுகிறது.

சென்னையின் பங்கு இதற்கு அடுத்தது. இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பு வடிவத்தின் பீட்டா படிகத்துக்கு, மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் அங்கே நிராகரிக்கப்பட்டது. எதிர்த்தவர்களில் இந்திய மருந்து நிறுவனங்களும் உண்டு, மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் உண்டு. பழைய பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால் குணப்படுத்தும் ஆற்றல் கூடியிருக்க வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று நோவார்ட்டிஸ் தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. அப்புறம் மேல்முறையீட்டு வாரியம், அதுவும் சென்னையில்தான். கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா தேசாய். உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பது மட்டும் கூடுதல் ஆற்றலுக்குச் சான்றாகாது என்று முடித்தார்கள். மாதம் 1,20,000 ரூபாய் என்று பேசப்பட்ட மருந்து, உள்நாட்டுத் தயாரிப்பில் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கிடைத்து வந்தது. பிறகு இன்னும் இறங்கியது. நோவார்ட்டிஸ் ஏராளமான இந்திய நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்து வந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இலவசம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது, விலை சட்டத்தைப் பொறுத்தது. எனக்குச் சட்டத்தின் மேல்தான் நம்பிக்கை.

இமாட்டினிப்பின் வெற்றிதான் நம்மைக் கெடுத்தது என்றும் சொல்லலாம். ஒரு நோய், ஒரு கைனேஸ், ஒரு மாத்திரை. நன்றாக இருக்கிறது. ஆனால் சி.எம்.எல். ஒரு விதிவிலக்கு, பெரும்பாலான நோய்கள் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. சி.எம்.எல்.லே கூட எப்போதும் அடங்கியிருப்பதில்லை. ஏபிஎல்லில் 315ஆம் இடத்திலுள்ள ஒரு திரியோனின் ஐசோலியூசினாக மாறினால் போதும், இமாட்டினிப்புக்கு உள்ளே இடமில்லை. 2001இலேயே சார்லஸ் சாயர்ஸ் குழு அதைக் கண்டுபிடித்துவிட்டது.

இரண்டாம் சென்னைப் பயணத்துக்கு நூற்றிருபது ஆண்டு பின்னால் போக வேண்டும். 1903. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறதே, அந்த அரசுப் பொது மருத்துவமனை. அங்கே சார்லஸ் டொனோவன் என்ற மருத்துவர், நீண்ட நாள் காய்ச்சலும் பெருத்த மண்ணீரலுமாக இறந்தவர்களின் மண்ணீரல் திசுவைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். மலேரியா என்று எழுதப்பட்டிருந்த அந்தக் காய்ச்சலில் மலேரியாக் கிருமி இல்லை. நீள்வட்டமான வேறு சிறு பொருள்கள் இருந்தன. அடுத்து, உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்தும் அதையே கண்டார். கொல்கத்தாவுக்கருகே டம்டம்மில் இருந்த சிப்பாய் ஒருவரிடம் வில்லியம் லீஷ்மன் இதற்கு முன் பார்த்ததும் இதுதான். இரண்டு பேர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டொனோவானி என்று பெயர் வைத்தவர் ரொனால்டு ராஸ். நோய், காலா அசார். மணல் ஈ கடித்துப் பரவுவது. சிகிச்சை இல்லாவிட்டால் அனேகமாக மரணம். பின்னாளில் பீகாரும் வங்கமும்தான் இதனால் அதிகம் பட்டன.

இந்தக் கிருமி உடம்பில் எங்கே குடியிருக்கிறது தெரியுமா? மேக்ரோஃபேஜில். கிருமிகளை விழுங்கிச் செரிப்பதற்கென்றே இருக்கும் வெள்ளணு அது. காவலன் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம். விழுங்கப்பட்ட பிறகும் சாவதில்லை, பெருகுகிறது. ஏன் அந்தச் செல் இதைக் கொல்லவில்லை என்பதுதான் கேள்வி. கொல்லத் தெரியாமலா? தெரியும், நைட்ரிக் ஆக்சைடு தயாரித்துக் கொல்லும். யாரோ அதைத் தடுக்கிறார்கள்.

இங்கேதான், நான் தொடக்கத்தில் சொன்ன என்.சி.சி.எஸ்.ஸில் பாஸ்கர் சாஹாவின் குழு வருகிறது. மேக்ரோஃபேஜின் மேல்பரப்பில் சிடி40 என்ற ஏற்பி இருக்கிறது. டி செல் என்ற இன்னொரு வெள்ளணு வந்து அதைத் தொட்டால், மேக்ரோஃபேஜ் இன்டர்லூகின்-12 என்ற சேதிப் புரதத்தைச் சுரக்கிறது. கிருமியைக் கொல்லும் ஏற்பாடுகள் தொடங்கிவிடும். ஆனால் அதே சிடி40ஐத் தொட்டால் இன்டர்லூகின்-10உம் வருகிறது. அது அந்த ஏற்பாடுகளை அமர்த்திக் கிருமிக்கு வாழ்வு கொடுப்பது. ஒரே பொத்தானை அமுக்கினால் இரண்டு எதிரெதிர் விளைவுகள்.

இதை எப்படிப் பிரித்துப் பார்த்தார்கள் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ச் சொல்கிறேன், கைனேஸ் ஆய்வு என்பது அன்றாடம் என்ன என்று தெரியும். எலியிடமிருந்து எடுத்த மேக்ரோஃபேஜ்கள் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சிடி40ஐப் பிடிக்கும் எதிர்ப்பொருளை, ஒரு தட்டில் கொஞ்சம், அடுத்ததில் அதிகம், அதற்கடுத்ததில் இன்னும் அதிகம் என்று விடுவார்கள். சில நிமிடங்களுக்குப் பிறகு தட்டைப் பனிக்கட்டி மேல் வைத்து, செல்களை உடைக்கும் கரைசலை ஊற்ற வேண்டும். பனிக்கட்டி ஏன் என்றால், செல் உடைந்த பின்னும் பாஸ்பட்டேஸ்கள் சும்மா இருக்காது, ஒட்டியதையெல்லாம் சுரண்டிவிடும். அவற்றை முடக்க வனடேட் உப்பும் சேர்ப்பார்கள். பிறகு புரதங்களைக் கூழ்த்தகட்டில் ஓட்டி, ஒரு மெல்லிய சவ்வுக்கு மாற்றி, பாஸ்பேட் ஒட்டிய பி38ஐ மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருளில் ஊற வைப்பார்கள். கடைசியில் இருட்டறையில் படச்சுருளை வைத்து எடுத்தால் கறுப்புப் பட்டைகள். வெளியே நிற்கும் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்வி: “பேண்ட் வந்துச்சா?” வந்தாலும் போதாது. பாஸ்பேட் ஒட்டாததையும் சேர்த்து மொத்தப் பி38 எவ்வளவு என்று இன்னொரு வரிசை ஓட்டி, அது எல்லாத் தட்டுகளிலும் சமமாக இருக்கிறது என்று காட்டினால்தான் மதிப்பு. அந்த இரண்டாம் வரிசை இல்லாத கட்டுரையை நான் படிப்பதில்லை.

கண்டது இது. சிடி40ஐ மெல்லத் தொட்டால் எர்க் எழுகிறது, இன்டர்லூகின்-10 வருகிறது. பலமாகத் தொட்டால் பி38 எழுகிறது, இன்டர்லூகின்-12 வருகிறது. இரண்டு கைனேஸும் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கின்றன. லீஷ்மேனியா புகுந்த செல்லில் பலமாகத் தொட்டாலும் பி38 சோர்ந்து கிடக்கிறது, எர்க் மேலோங்குகிறது. எர்க்கை மருந்தால் அடக்கியபோது, அல்லது இன்டர்லூகின்-10ஐ நீக்கியபோது, பி38 மறுபடி எழுந்தது, கிருமி செத்தது. தட்டில் மட்டுமா? இந்தக் கிருமிக்கு எளிதில் இரையாகும் பால்ப்-சி வகை எலியிலும் நடந்தது. அதற்கு முன்பே, பி38ஐ நேரடியாகத் தூண்டினாலும் எலி தேறுகிறது என்று இதே குழு எழுதியிருந்தது. ஒன்று சொல்லிவிட வேண்டும்: இந்தச் சோதனைகள் லீஷ்மேனியா மேஜர் என்ற, தோலில் புண் உண்டாக்கும் வகையை வைத்து நடந்தவை, டொனோவன் பார்த்தது அதன் உறவுக்காரன்.

கிருமி இதை எப்படிச் சாதிக்கிறது? 2009இல் நேச்சர் இம்யூனாலஜி இதழில் அதற்கும் விடை தந்தார்கள். செல்சவ்வில் கொலஸ்டிரால் செறிந்த பகுதிகள் உண்டு. சிடி40 அங்கே நின்று செய்தி அனுப்பினால் லின் என்ற கைனேஸ் வழியே பி38க்குப் போகும். கொலஸ்டிரால் குறைந்த இடத்தில் நின்றால் சிக் என்ற கைனேஸ் வழியே எர்க்குக்குப் போகும். லீஷ்மேனியா சவ்விலிருந்து கொலஸ்டிராலைக் குறைத்துவிடுகிறது. எந்தக் கைனேஸையும் அது தொட்டு உடைக்கவில்லை, அவை கூடும் இடத்தைக் கலைத்துவிட்டது. கொலஸ்டிரால் என்றாலே முகம் சுளிக்கும் இந்த அவையில், அதற்காக நான் பரிந்து பேசும் ஒரே சந்தர்ப்பம் இது.

சி.எம்.எல்.லில் ஒரு கைனேஸ் உடைந்துபோய் அணையாமல் எரிந்தது, நிறுத்தினோம். இங்கே உடைந்தது எதுவுமில்லை. நல்ல நிலையிலுள்ள இரண்டு கைனேஸ்களில் எது மேலோங்குகிறது என்பதே நோய். ஒன்றை எழுப்பத்தான் வேண்டியிருக்கிறது.

எழுப்ப வேண்டிய அந்தப் பி38 யார்? மருந்து நிறுவனங்கள் பல ஆண்டு நிறுத்தப் பார்த்த அதே ஆள். 1994இல் அது அறிமுகமான வழிகளில் ஒன்று, அழற்சிச் சுரப்புகளை அடக்கும் ஒரு வேதிப்பொருள் எதைப் போய்ப் பிடிக்கிறது என்று தேடியதுதான். முடக்குவாதத்துக்குப் பி38 தடுப்பான் என்று எத்தனையோ மூலக்கூறுகளை மனிதர்களிடம் சோதித்தார்கள். முதல் சில வாரம் ரத்தத்தில் அழற்சிக் குறி இறங்கும். பிறகு பழையபடி ஏறிவிடும். கல்லீரல் நொதிகள் உயர்ந்தது வேறு. பி38, அழற்சியை மூட்டுவதோடு அதை அடக்கும் கிளை ஒன்றையும் நடத்துகிறது என்பது பின்னால்தான் நன்றாக விளங்கியது. மூட்டில் அதற்கு ஒரு குணம், லீஷ்மேனியா புகுந்த மேக்ரோஃபேஜில் வேறு குணம்.

புனே ஆய்வு ஏன் இன்னும் மருந்தாகவில்லை என்று கேட்பீர்கள். எலியில் பி38ஐத் தூண்டப் பயன்பட்ட அனிசோமைசின், செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்தும் பொருள். மனிதருக்குக் கொடுக்க முடியாது. எர்க்கை அடக்கலாம் என்றால், பெருகும் செல்களுக்கெல்லாம் எர்க் வேண்டும். எர்க்குக்கு மேல்படியில் நிற்கும் மெக் கைனேஸைத் தடுக்கும் ட்ரமெட்டினிப் 2013இலிருந்து ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு இருக்கிறது. தோலையும் இதயத்தையும் பாதிக்கக்கூடியது. புற்றுநோயாளி அதைப் பொறுத்துக்கொள்வார். பீகார் கிராமத்துச் சிறுவனுக்கு, லிப்போசோமில் அடைத்த ஆம்ஃபோடெரிசின் ஒரே ஊசியில் வேலையை முடிக்கும்போது, இது எதற்கு? மேக்ரோஃபேஜ் ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

நேரம் ஆகிவிட்டது. கேள்விக்கு முன் இரண்டு செய்திகள். உங்கள் வீட்டிலோ உறவிலோ இமாட்டினிப் சாப்பிடுகிறவர் இருந்தால், உடம்பு தேறிவிட்டது என்று நாள் தவறவிட வேண்டாம். 2010இல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வில், மாத்திரைகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஆறு ஆண்டுகளில் நோயின் மூலக்கூறுத் தடயம் வெகுவாக இறங்கியிருந்தது. அதற்குக் குறைவாக எடுத்தவர்களில் 28 சதவீதம்தான்.

இன்னொன்று, முதல் கேள்வியாக வரும் என்று எனக்குத் தெரியும்: மஞ்சள். ஆமாம், மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வகத் தட்டில் ஏகப்பட்ட கைனேஸ்களை அடக்குகிறது. அந்த ‘ஏகப்பட்ட’தான் சிக்கல். எதையும் பிடிக்கும் பொருள் சோதனையையே ஏமாற்றும் என்று வேதியியலாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வாயால் உண்டது ரத்தத்துக்கு வந்து சேர்வது மிகச் சொற்பம். ரசத்தில் போடுங்கள், மீனில் தடவுங்கள், தடையில்லை. ஆனால் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். இமாட்டினிப்பைச் சிதைத்து வெளியேற்றுவதும் அதே கல்லீரல்தான். ஆகவே அந்தப் புட்டியை வாங்கியிருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். இனி, கேளுங்கள்.